தேவாலயத்துக்குக் கிழக்கே

இதில் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னாசிக்குப்பத்தில் கென்னடி ராயன் என்று ஒருவர் இருக்கிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார், துறைமுகச் சுவர் கட்டக் கூடாது என்று கூட்டங்களில் பேசுகிறார், ஒரு கொட்டகையில் நீல டிரம்களுக்குள் வெடிக்கக்கூடிய எதையோ வைத்திருக்கிறார். இவ்வளவையும் மீன் ஏலம் விடும் ஒருவர் பார்த்ததாகச் சொல்லி, அதைக் கேட்ட இன்னொருவர் எங்கள் களப் பணியாளரிடம் சொல்லி, அவர் எழுதி, சென்னையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் என் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. இந்த மேசைக்கு வருவதெல்லாம் இப்படித்தான் வருகிறது. படித்துப் பார்த்து, இதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு வரி எழுதுவதற்கு அரசாங்கம் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறது. பகுப்பாய்வாளர், தகுதிகாண் பருவம். அது முடிய இன்னும் நாற்பத்தொரு நாள்.

மணி இரண்டு ஐம்பது. நாலு மணிக்குக் காகிதம் கீழே போக வேண்டும், போகும்போது அதன் அடியில் என் கையெழுத்து இருக்க வேண்டும். எதிரில் கிடக்கிறது, ஒன்றரைப் பக்கம். ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் நான் தட்டச்சு செய்தது. 'இருக்கலாம், உறுதி செய்யப்படவில்லை' என்று நான் எழுதியிருந்த இடத்தை டி.எஸ்.பி. தணிகாசலம் சார் பச்சை மையால் அடித்து, 'மூன்று தனித்தனி வழிகளில் உறுதி செய்யப்பட்டுள்ளது' என்று மேலே எழுதியிருக்கிறார். அழகான கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் வயிறு நிறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஏ.சி. நேராக என் கழுத்தில் அடிக்கிறது, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாலும் அடிக்கிறது. காலையில் சார் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "பக்கத்து மாவட்டம், கடலோரப் பிரிவு, டெல்லி. மூணு பேரும் அச்சு அசலா ஒண்ணையே சொல்றான். இன்னும் என்னம்மா வேணும் உனக்கு, அவனே டிரம்மைத் தூக்கிட்டு வந்து உன் டேபிள்ல திறந்து காட்டணுமா?" அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன், மதியச் சாப்பாடு இறங்குகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை மந்திரி வந்து சுவருக்கு அடிக்கல் நாட்டுகிறார். இன்று புதன். இந்தக் காகிதம் போனால் சாயங்காலத்துக்குள் தடுப்புக் காவல் உத்தரவு தயாராகிவிடும், ஒரு வருஷம், ஜாமீன் கிடையாது. கென்னடி ராயனிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை. இது அறிக்கையில் இல்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைத்துக்கொள்வது என் வேலை இல்லை என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

தனித்தனி. அந்தச் சொல்லில்தான் மறுபடி மறுபடி வந்து இடிக்கிறேன். சாத்தூர்ப் பக்கத்து அரசுக் கல்லூரியில் மூன்று வருஷம் புள்ளியியல் படித்ததில் எனக்கு உருப்படியாகப் புரிந்த ஒரே சொல் அது. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஒன்றையே சொன்னால் அதற்குக் கனம் உண்டு. ஒருவர் சொன்னதை மூன்று பேர் சொன்னால் அது இன்னும் ஒருவர் சொன்னதுதான். மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே சொற்கள். 'தேவாலயத்துக்குக் கிழக்கே உள்ள கொட்டகை.' இன்று மதியம் ஒன்றரை மணி வரைக்கும் அந்த ஒற்றுமையே எனக்கும் ஓர் ஆறுதலாகத்தான் இருந்தது, பரவாயில்லை, சார் சொல்வது சரிதான், போடலாம் என்று. ஒன்றரை மணிக்கு ஸ்டெல்லா அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டு, புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரிக்கும் அர்ச்சிப்புக்கு அழைப்பிதழ் கொடுத்தாள். தபால் பிரிவில் பதிவேடு எழுதுகிறவள், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. "கட்டாயம் வரணும் ஏட்டி, வராமப் போனேன்னு வையி, உன் தபாலுக்கெல்லாம் கடைசி நம்பர்தான்." எனக்கு வழி தெரியாது என்றேன். அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே படம் போட்டாள். கீழே பஸ் நிறுத்தம், அங்கிருந்து மேலே ஒரு ரோடு, ரோட்டின் முடிவில் கோயில், கோயிலுக்கு இடது கைப்பக்கம் அவள் வீடு. அதற்கும் மேலே ஒன்றுமில்லை, வெறும் காகிதம். மேலே என்ன அக்கா என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன். "மேல என்ன, கடல்தான். கடலைப் போய் யாராச்சும் வரைவாளா?" அப்படியானால் மேலே வடக்கு இல்லையா அக்கா. "எந்த வடக்கு? கடலப் பாத்துதான ஏட்டி நிப்பம்."

கடலைப் பார்த்துதானே நிற்போம். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினேன். மேசைக்கு வந்ததும் பழைய கோப்பைத் திறந்து முதல் அறிக்கையின் பின்னால் குத்தியிருந்த படத்தை எடுத்தேன், களப் பணியாளர் பால்பாயிண்ட் பேனாவில் போட்ட படம். கீழே பஸ் நிறுத்தம். மேலே போகும் ரோடு. ரோட்டின் முடிவில் சிலுவைக் குறி. சிலுவைக்கு வலப்பக்கம் ஒரு கட்டம், கொட்டகை. மேலே வெறும் காகிதம். எட்டு வாரத்துக்கு முன்னால் இதைப் பார்த்து வாராந்திரச் சுருக்கம் எழுதியது நான். பள்ளிக்கூடத்தில் தேசப்படத்தின் மேல்பக்கம் வடக்கு என்று படித்தவள், கரிசல் காட்டில் பிறந்தவள், பதினெட்டு வயதில்தான் கடலை முதல் முதலாகப் பார்த்தவள், வலது கைப்பக்கம் என்றால் கிழக்கு என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினேன், தேவாலயத்துக்குக் கிழக்கே. அந்தப் படத்தில் மேலே இருப்பது கடல், கிழக்கு. வலது கைப்பக்கம் தெற்கு. என் நாற்காலிக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குக் கடற்கரை வரைபடம் தொங்குகிறது. இன்றைக்குத்தான் எழுந்து போய் விரல் வைத்துப் பார்த்தேன். இன்னாசிக்குப்பம், சாலை மேற்கே, சிலுவைக் குறி நீல நிறத்தின் ஓரத்திலேயே. அதற்குக் கிழக்கே கொட்டகை போட வேண்டுமானால் தண்ணீரில்தான் கால் நட வேண்டும்.

அப்படியானால் பக்கத்து மாவட்டத்துக்காரர் பார்க்கவில்லை. கடலோரப் பிரிவு பார்க்கவில்லை. டெல்லி எதைப் பார்த்தது. ஒருவர் அங்கே ஒருமுறை போய் நின்றிருந்தால்கூடக் கிழக்கே என்று எழுதியிருக்க முடியாது. என் சுருக்கம் எல்லா மாவட்டங்களுக்கும் போகிறது. கூடவே ஒரு வரி போகும், 'இது தொடர்பாகத் தங்கள் பகுதியில் தகவல் உண்டா?' என்று. இல்லை என்று பதில் போட யாருக்கும் துணிவில்லை, இல்லை என்றால் ஏன் இல்லை, உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று அடுத்த தபாலில் கேள்வி வரும். உண்டு என்று போட்டுவிட்டால் கேள்வி வராது. அதனால் உண்டு. அதனால் 'விசாரித்ததில் தெரியவருகிறது' என்று பதில். நான் எழுதி அனுப்பியதை அவர்கள் கொஞ்சம் சட்டை மாற்றி எனக்கே அனுப்பியிருக்கிறார்கள், நான் அதை அடையாளம் தெரியாமல் மூன்று விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்று வரவேற்றிருக்கிறேன். என் தவறுதான் எனக்குச் சாட்சி.  மணி மூன்று ஐந்து. யாருக்கும் தெரியாது. இது யாருக்குமே தெரியாது, ஸ்டெல்லா அக்காவுக்குக்கூட, அவள் வீட்டுக்கு வழி வரைந்தாள், அவ்வளவுதான். கையெழுத்தைப் போட்டுவிட்டு சனிக்கிழமை அவள் வீட்டில் போய் பிரியாணி சாப்பிடலாம். அல்லது கிழக்கே என்ற சொல்லை மட்டும் அழித்துத் தெற்கே என்று மாற்றிவிடலாம், காகிதம் இன்னும் சுத்தமாகிவிடும். அதை நினைத்த உடனே எனக்கு என் மேல் பயம் வந்தது. எவ்வளவு சீக்கிரம் நினைத்துவிட்டேன்.

விசாரித்ததில் தெரியவருகிறது. இந்தச் சொற்களை நான் முதலில் படித்தது இந்த அலுவலகத்தில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்பதற்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போட்டேன். அது இருந்தால் இன்ஜினியரிங் கட்டணம் குறையும், இல்லாவிட்டால் இன்ஜினியரிங்கே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் சின்ன மாமாவின் போட்டோ ஒன்று தொங்கியது, கறுப்பு அங்கி, தலையில் தட்டைத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். பொருட்காட்சிக்குப் போனபோது ஸ்டுடியோவில் அங்கியை வாடகைக்குக் கொடுத்து எடுத்தது. மாமா படித்தது ஆறாவது, தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவர். அந்த ஊதா நிற மேகத் திரைக்கு முன்னால் நின்று அவர் சிரித்த சிரிப்பை நம்பி யாரோ டீக்கடையில், அந்த வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். வருவாய் ஆய்வாளர் டீக்கடையோடு திரும்பிவிட்டார். 'விசாரித்ததில், மனுதாரரின் தாய்மாமன் பட்டதாரி எனத் தெரியவருகிறது.' தள்ளுபடி. அம்மா போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். நான் வெட்கத்தில் பத்தடி பின்னால் போனேன். "கவுனு மாட்டுனா பட்டதாரியாங்கய்யா? அப்ப நாடகத்துல ராசா வேசம் கட்டுனவனுக்கு அரமணைய எழுதிக் குடுப்பீகளா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், வருவாய் ஆய்வாளரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "எழுதியாச்சேம்மா, இனி நான் என்ன செய்ய முடியும்" என்றார். கெட்டவர் இல்லை. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. கலந்தாய்வு தேதி போய்விட்டது. எழுதியாச்சு. அந்த ஒரு சொல்லின் எடையை நான் இன்றுவரை தூக்கிக்கொண்டு திரிகிறேன், இப்போது அந்தப் பேனா என் கையில் இருக்கிறது, டீக்கடையோடு திரும்பியது நான். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. டீக்கடையோடு திரும்பியது நான்.

இன்டர்காம் அடிக்கிறது. மூன்று இருபது. "என்னம்மா மாரிச்செல்வி, கையெழுத்துப் போட முகூர்த்தம் பாக்குறியா?" சார், கிழக்கே கொட்டகை இருக்க முடியாது சார். என் குரல் எனக்கே பொடியாகக் கேட்டது. "என்னது?" கிழக்கே கடல் சார். கிழக்குன்னு எழுதினது நான்தான், படத்தைத் தப்பா படிச்சிட்டேன். மூணு பேரும் என் தப்பையே திருப்பி அனுப்பியிருக்காங்க. யாரும் போய்ப் பாக்கல சார்.  "கிழக்கோ தெற்கோ, டிரம் இருக்குல்ல?" அதுவும் ஒருத்தர் சொன்னதுதான் சார். "நீ என்ன ஹைகோர்ட்டா? வெள்ளிக்கிழமை அங்க ஏதாவது வெடிச்சா பதில் யார் சொல்றது, நீ சொல்றியா?" வெடிக்காது என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. கென்னடி ராயன் நல்லவரா என்று எனக்குத் தெரியாது, டிரம்மில் என்ன என்று தெரியாது, யாருக்கும் தெரியாது என்பது மட்டும்தான் தெரியும், அதைத்தானே சார் நான் சொல்கிறேன். இன்னைக்கு புதன்கிழமை சார், இங்கிருந்து மூணு மணி நேரம், யாராவது ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வரலாம். "சரி, சொன்னேல்ல, கேட்டுக்கிட்டேன். இப்ப கையெழுத்தைப் போட்டுக் கொண்டா. தகுதிகாண் முடிய எத்தன நாள் இருக்கு உனக்கு?" நாற்பத்தொண்ணு சார். "ஞாபகம் இருக்குல்ல." இருக்கு சார். வைத்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஜீப் அனுப்பியவர். கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு வசதி.

சொன்னேல்ல, கேட்டுக்கிட்டேன். இங்கே வாயால் சொன்னது எதுவும் நடக்காததற்குச் சமம். அம்மா தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று தொண்டை வற்றச் சொன்னதும் வாயால்தான். வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுக்கிறேன். கணினியில் அடித்தால் சாரின் திரைக்குப் போய்விடும், கையாலேயே எழுதுகிறேன்.  'மேற்படி மூன்று அறிக்கைகளும் எனது வாராந்திரச் சுருக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை எனக் கருதுகிறேன். அச்சுருக்கத்தில் திசை தவறாகக் குறிக்கப்பட்டது. தவறு என்னுடையது. குறிப்பிட்ட இடத்தில் கடல் உள்ளது. ஒருவர் நேரில் சென்று பார்க்கும்வரை இச்செய்தி உறுதி செய்யப்படாததே. உறுதி செய்யப்பட்டதாகக் கையெழுத்திட இயலாது.' இயலாது என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன், முடியாமல் போனதைப் போல இருக்கிறது, கை உடைந்தவள் எழுதியது போல. அதை அடித்துவிட்டு 'மாட்டேன்' என்று எழுதுகிறேன். 'கையெழுத்திட மாட்டேன்.' அலுவலகக் குறிப்பில் இப்படி எழுதக் கூடாது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவள் எழுதவே கூடாது. வேலை போனால் என்ன, போனால் என்ன என்று கேட்கிறேனே, போனால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலையை வைத்து அம்மா தெருவில் பத்து பேரிடம் பேசுகிறாள், என்ன வேலை என்று சொல்லக் கூடாது என்பதால் "கெவர்மெண்டுல ரகசியமான வேல" என்று சொல்லி ஊருக்கே சொல்லிவிட்டாள். அந்த முகத்துக்கு என்ன பதில். தெரியாது. அடியில் பெயர், பதவி, தேதி, மூன்று நாற்பது. மூன்று படிகள் எடுத்தேன், படத்தையும் மூன்றாக எடுத்துக் குத்தினேன்.

சாரின் அறை இடது பக்கம். தபால் பிரிவு வலது பக்கம். நான் வலது பக்கம் திரும்பினேன், கால்தான் திரும்பியது, நான் பின்னால் போனேன். ஸ்டெல்லா அக்கா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்ன ஏட்டி, முகமெல்லாம் இப்படி வெளிறிக் கெடக்கு?" ஒரு நம்பர் போடுங்க அக்கா, நகல் ஒண்ணு மேலிடத்துக்கு. அவள் காகிதத்தைப் படிக்கவில்லை, படிப்பதில்லை என்பது அவள் ஒழுங்கு. ஆனால் டி.எஸ்.பி.யின் சுருக்கொப்பம் ஓரத்தில் இல்லை என்பதைப் பார்த்துவிட்டாள். "சார் பாக்கல." பாக்கல அக்கா. "எண் விழுந்தா விழுந்ததுதான், பாத்துக்கோ. அப்புறம் அழுதுக்கிட்டு வந்து கிழிச்சுக் குடுன்னு நின்னா நா கிழிக்க மாட்டேன்." அதுக்குத்தான் அக்கா வந்தேன்.  அவள் முத்திரையை மையில் ஒற்றி, எச்சில் தொட்ட விரலால் பக்கம் புரட்டி, எண்ணை எழுதினாள், ஆயிரத்து நூற்றுப் பதினேழு. முத்திரை விழுந்த சத்தம் நெஞ்சில் கேட்டது. எண் விழுந்த காகிதத்தை இந்தக் கட்டடத்தில் யாரும் கிழிக்க முடியாது, தணிகாசலம் சாராலும் முடியாது, நாளைக்குப் பயந்துபோய் நானே நினைத்தாலும் முடியாது. நாளைக்கு வரப்போகும் அந்தப் பயந்தாங்கொள்ளியிடமிருந்துதான் முதலில் காப்பாற்ற வேண்டியிருந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சாரின் மேசையில் இரண்டையும் வைத்தேன், கையெழுத்து இல்லாத அவருடைய காகிதம், எண் விழுந்த என்னுடையது. அவர் எண்ணைத்தான் முதலில் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடினார். "உனக்கு யார் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?" என்று கேட்டார். யாரும் இல்லை சார் என்றேன். "மாட்டேனாம். மாட்டேன்னு எழுதியிருக்கு பாரு" என்று காகிதத்திடமே சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.  நாலு மணிக்குத் தடுப்புக் காவல் காகிதம் போகவில்லை. அதற்குப் பதிலாகப் பச்சை மையில் ஒரே ஒரு வரி போனது, 'நேரில் பார்வையிட்டு அறிக்கை தருக.'

என் தகுதிகாண் பருவத்தை ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். காரணம், கவனக்குறைவு. அது உண்மை என்பதால் மறுப்பு எழுதவில்லை. நேரில் பார்த்தவரின் அறிக்கை என் மேசைக்கு வரவில்லை, வேறு யார் மேசைக்கோ போயிருக்கிறது. உத்தரவு எதுவும் பிறக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது, அதுவும் ஒருவர் சொல்லித்தான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து இன்னாசிக்குப்பம் போனேன். பஸ் நிறுத்தம், நேரே ரோடு, ரோட்டின் முடிவில் தேவாலயம். தெற்கே, வலது கைப்பக்கம், கொட்டகை. உள்ளே பதினோரு நீல டிரம்கள், வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண் வலை பிரித்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "லாரி வந்து ரெண்டு நாளாச்சு, அடியில கெடக்கிறதுதான், பரவால்லயாம்மா?" என்று ஒரு டிரம்மின் மூடியைத் திறந்து மொண்டு கொடுத்தார், கொஞ்சம் பிளாஸ்டிக் வாசம், மற்றபடி நல்ல தண்ணீர். மீதிப் பத்து டிரம்களை நான் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து ஜன்னலில் ஒரு ஆண் குரல் பிள்ளைகளை, "சூத்திரத்தைச் சொல்லிட்டு அப்புறம் சிரி" என்று அதட்டிக்கொண்டிருந்தது. அது அவர்தானா என்று கேட்கவில்லை. தேவாலயத்தின் கிழக்குச் சுவரில் முதுகை வைத்து நின்று, அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் காலடி எடுத்து வைத்து எண்ணினேன். முப்பத்தெட்டு. இடையில் மணலும் இரண்டு படகுகளும், வேறு எதுவும் இல்லை; 'கடல் உள்ளது' என்று நான் எழுதியதும் பார்க்காமல் எழுதியதுதான். திரும்பி வரும்போது மறுபடி எண்ணினேன், நாற்பது வந்தது, அலை கொஞ்சம் உள்ளே போயிருந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.